புலாத்தானில் மூன்று ரவுண்டு

எனக்கு முன்னால் புலாத்தான். பின்னால் கல் ஏற்றிய லாரி. பக்கத்து இருக்கையில் பிரேமா மிஸ், தன் காலுக்கடியில் இருந்த பிரேக்கை மிதித்தபடி.

புலாத்தான் என்பது மலாய்ச் சொல். நாலு சாலை வந்து கூடும் இடத்தில் நடுவே வட்டமாகப் புல்லும் பூச்செடியும் வைத்து, வருகிற வண்டியையெல்லாம் அதைச் சுற்றிப் போகச் சொல்வார்களே, அதுதான். செண்டாயான் பக்கம் புதுச் சாலைகள் போட்டபோது இதையும் தாராளமாகப் போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது சாலை. எனக்கு அது கிணறு. கிட்டே போனாலே தலை சுற்றும்.

“போங்கக்கா.”

“வண்டி வருது மிஸ்.”

“அது தூரத்துல வருது லா. போலாம்.”

“அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு வருது.”

“வந்துக்கிட்டேதான் இருக்கும். யாரும் நின்னு உங்களுக்கு ஆரத்தி எடுக்க மாட்டாங்க. நீங்கதான் உள்ள போவணும்.”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அந்தச் சத்தத்தில் என் கால் கிளட்சிலிருந்து நழுவ, கார் ஒரு குதி குதித்து நின்றே போனது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, காரின் முதுகில் ‘எல்’ ஒட்டிக்கொண்டு, நடுச்சாலையில் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவுமில்லை.

பிரேமா மிஸ்ஸுக்கு முப்பது வயது சொல்லலாம். உதட்டுச் சாயம் கலையாமல், குரல் உயராமல் கற்றுக்கொடுக்கிறவர். அன்றும் திட்டவில்லை. கண்ணாடியை இறக்கி, லாரிக்காரனைத் தாண்டிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“அக்கா, கோயிலுக்குப் போவீங்கல்ல? அம்மன ரவுண்டு வர்றப்போ அம்மன் எந்தக் கைப்பக்கம் இருக்கும்?”

யோசித்துப் பார்த்து வலது கையைத் தூக்கினேன்.

“இங்கயும் அதேதான். அந்தப் பூச்செடி உங்க வலது கைப்பக்கம். வலது பக்கத்துல இருந்து வர்றவங்க உங்களுக்கு முன்னாடியே சுத்த ஆரம்பிச்சவங்க. அவங்களுக்கு வழி விட்டுட்டு, கோயில ரவுண்டு வர்ற மாதிரி வாங்க. அவ்ளோதான்.”

எத்தனை வருடமாக ஃபேக்டரி பஸ்ஸில் புலாத்தானைச் சுற்றியிருக்கிறேன்! ஒரு நாளாவது இது தோன்றியதா? இந்த நாட்டுப் புலாத்தான் எல்லாமே வலம்தான் வருகின்றன. எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. கிளட்சை மிதித்துக் காரைக் கிளப்பினேன். வலது பக்கம் வந்த மோட்டார் சைக்கிளுக்கு வழி விட்டேன். உள்ளே போனேன். என் வாய் தானாக அம்மன் பெயரை முணுமுணுத்தது. ஒரு ரவுண்டு வந்தேன், இன்னொன்று வந்தேன், மூன்றாவதும் வந்தேன். பயம் தெளியட்டும் என்று பிரேமா மிஸ்ஸும் பேசாமல் விட்டுவிட்டார்.

அவர் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

எது ரவுண்டு?

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது அந்த ஒரு சொல்தான். ரவுண்டு. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு சொல் மாட்டிவிட்டால் சோறு தண்ணீர் இறங்காது.

ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் ஒரு தட்டைக் கரும்பலகையில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, “ரவுண்டு என்றால் வட்டம்” என்றார். நல்லது. அன்று வீட்டுக்கு வந்தால் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் பரபரப்பாக இருக்கிறார்கள். “துரை ரவுண்டு வர்றாரு, துரை ரவுண்டு வர்றாரு!” வாசலில் காயும் கோவணத்தை எடுப்பவர்கள் ஒரு பக்கம், கோழியை விரட்டுபவர்கள் ஒரு பக்கம். தோட்ட மேலாளரைத்தான் துரை என்போம். அவர் வட்டமாகவா வந்தார்? ரப்பர் மரங்கள் நேர் வரிசை. அவர் வரிசையோடு நேராகப் போனார், மூலையில் திரும்பினார், மறுபடி நேராகப் போனார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை மொத்தமாகப் பார்த்தால் வட்டமாக இருக்குமோ? ஒருநாள் மழை விட்ட ஈரத்தில் அவருடைய பூட்ஸ் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். தடம் போய் முடிந்த இடம் அவர் பங்களாவின் பின்கேட். அங்கிருந்த நாய்தான் என்னை வட்டமாக ஓடவைத்தது.

பிறகு செனாவாங்கில் ஃபேக்டரி வேலை. சின்னச் சின்னப் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பிரிப்போம். சூப்பர்வைசர் ரவுண்டு வருகிறார் என்றால் மூக்கு அரித்தால்கூடச் சொறிய மாட்டோம். அவரும் நேர்கோட்டில்தான் நடந்தார். இப்போது இருக்கும் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு ‘ரோண்டா’ போகிறேன் என்பார். காவல் சுற்றுவது. நம் ரவுண்டுக்கு அது அண்ணனோ தம்பியோ தெரியாது. ஆனால் அவருடைய ரோண்டா முனைக் கடையில் தே தாரேக் டீயோடு ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும்.

கல்யாண விருந்தில் ஆம்பளைகள் “இன்னொரு ரவுண்டு ஊத்து” என்கிறார்கள். மேசை என்னவோ நீளமேசை. தையல்காரி “ரவுண்டு நெக்கா, வி நெக்கா?” என்று கேட்பாள். அவள் ஒருத்திதான் நியாயமாகக் கேட்கிறாள், கழுத்து உண்மையிலேயே வட்டம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் சொன்ன முதல் வார்த்தையும் இதுதான். “பொண்ணுக்கு ரவுண்டு மூஞ்சி.” அது பாராட்டா குறையா என்று இன்றுவரை நான் தெரிந்துகொள்ளவில்லை.

இத்தனை ரவுண்டிலும் வட்டம் இல்லையே, பிறகு என்னதான் இருக்கிறது? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பெயர் முனியாண்டி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் இருபது வயதிலிருந்தே உட்கார்ந்தவர். “இன்னைக்கு மில்லுக்கு ரெண்டு ரவுண்டு” என்று சொல்லிக்கொண்டே தலை துவட்டுவார். நான் கேட்ட நேரத்தில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த மாதங்களில் அவர் அதிகம் பேசுவதில்லை.

“என்னங்க, ரவுண்டுன்னா என்ன?”

தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

“போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் ரவுண்டு” என்றார் சுவரைப் பார்த்தே. “திரும்பி வரலைன்னா அது வெறும் ட்ரிப்பு.”

டாக்டர் ரவுண்டு

அந்தச் சொல்லை நான் வெறுத்த காலமும் உண்டு. சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் அவரைச் சேர்த்திருந்தபோது, காலையில் நர்ஸ் வந்து விரட்டுவாள். “டாக்டர் ரவுண்டு வர்றாங்க, வெளிய நில்லுங்க.” நாங்கள் எல்லாம் தாழ்வாரத்தில் கும்பலாக நின்று கதவுக் கண்ணாடி வழியே பார்ப்போம். டாக்டர்கள் கட்டில் கட்டிலாக வருவார்கள். நல்லபடியாக இருப்பவரிடம் சட்டென்று நகர்ந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரின் கட்டிலில் ரொம்ப நேரம் நின்றார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றிருந்தது. இப்போது கிட்னியையும் முடித்துவிட்டது. இனி ஆயுசுக்கும் செவ்வாய், வியாழன், சனி மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். ரொம்ப நாள் ஆகாது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

லோபாக்கில் ஒரு டயாலிசிஸ் நிலையம் கிடைத்தது. முதல் நாள் பயந்துகொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் என் புத்தி எங்கே போகும்? ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது, மெஷினுக்குள் நுழைகிறது, இன்னொரு குழாயில் கைக்கே திரும்பி வருகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரின் வட்டமும் இருந்தது, திரும்பியும் வந்தது. பார்த்ததிலேயே முழுசான ரவுண்டு இதுதான் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

என் தம்பி குமார்தான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்காகவே அவன் இரவு ஷிப்ட் வாங்கி, பகல் தூக்கத்தைப் பாதியாக்கிக்கொண்டான். அப்படியிருக்க அவனுடைய ஃபேக்டரிப் பிரிவையே ஜோகூருக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பொங்கல் முடிந்ததும் அவன் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும்.

இப்போதிருந்தே பழகுவோம் என்று ஒருநாள் வாடகைக் காரில் போனோம். போகும்போது வந்தது. திரும்பும்போது கொட்டும் மழை, வருகிறேன் என்றவன் வரவில்லை. டயாலிசிஸ் ஊசி எடுத்த களைப்பில் அவரால் நிற்க முடியவில்லை. கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து உட்காரவைத்தேன். அங்கேயே வாந்தி எடுத்தார். நாசி லெமாக் சோறு வாங்க வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். நாற்பது வருடம் லாரியை ஆண்ட மனுஷன், ஒரு காருக்காகத் தெருவில் கிடந்தார். அன்று எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்றே தெரியவில்லை, எல்லார் மேலும் வந்தது.

வீட்டுக்கு வந்து, முகம் துடைத்துவிட்ட பிறகு சொன்னார்.

“குமாரு இருக்கற வரைக்கும் போறேன். அப்புறம் நிறுத்திக்குவோம் சரோ.”

“எதை?”

“ஊசியத்தான். போதும் லா.”

நாளைக்குப் பேப்பர் போட வேண்டாம் என்று பேப்பர்காரனிடம் சொல்கிற மாதிரி சொன்னார். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமலே, “நான் கார் ஓட்டுறேன்” என்றேன்.

“நீயா? சைக்கிள்ல போனாலே தந்திக்கம்பம் ஒதுங்கி நிக்கணும்.”

மறுநாளே போய் பிரேமா மிஸ்ஸிடம் சேர்ந்தேன்.

தேருக்குக் கோஸ்தான் இல்லை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் புரியாது.

எங்கள் தோட்டத்து மாரியம்மனைச் சுற்ற ஆரம்பித்தால் மூன்று ரவுண்டு முடிக்காமல் யாரும் வெளியே வர மாட்டார்கள். ஒன்றரைச் சுற்றில் மழை வந்தாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி. ஒன்று சுற்றாதே இரு, சுற்றினால் முழுசாகச் சுற்று. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. நடக்கப் பழகும்போதே காலில் ஏறிவிட்டது.

தேருக்கும் அதே சட்டம். எங்கள் தேர் என்பது டிராக்டர் இழுக்கும் டிரெய்லர்தான். வாழை மரம், கலர் பல்பு, பின்னால் ஜெனரேட்டர். கோயிலில் கிளம்பி எல்லா லயத்தையும் சுற்றிக் கோயிலுக்கே திரும்ப வேண்டும். ஒரு வருடம் திருவிழாவன்று மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சாலையில் பாதி வழியில் டிராக்டரின் சக்கரம் இறங்கிவிட்டது. முப்பது பேர் தள்ளிப் பார்த்தார்கள். தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. ஒல்லியாக ஒருத்தன் குதித்து இறங்கினான். முழங்கால் சேற்றில் நடந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய இஞ்சினியர் மாதிரி சொன்னான்.

“சுசா, கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல. பின்னாடி சங்கிலி போட்டு நான் இழுத்துர்றேன். கோஸ்தான்ல ஈஸியா வந்துரும்.”

கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்னால் எடுப்பது. இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்லும் சொல். அதற்கு அன்று கிடைத்த வரவேற்பை அவன் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

“அம்மன கோஸ்தான் போட வைப்பியா? எந்தத் தோட்டத்துக்காரன்டா நீ?” என்று கோயில் தலைவர் பாய்ந்தார். அவரைத் தொடர்ந்து அத்தனை பேரும் திட்டினார்கள். தள்ள முடியாதவர்களுக்குக்கூடத் திட்டத் தெம்பு இருந்தது. நானும் குடைக்குள் நின்று என் பங்குக்கு ஏதோ சொன்னேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. லாரியில் ஏறினான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைத்தோம். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மனுக்குத் தார்ப்பாய் பிடித்தோம், பொம்பளைகள் பாடினோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து லாரி வெளிச்சம் வந்தது. எல்லையைச் சுற்றிக்கொண்டு, செம்பனைக் காட்டுப் பாதையில் புகுந்து, தேருக்கு முன்னால் வந்திருந்தான். சங்கிலியை மாட்டி முன்பக்கமாகவே இழுத்துவிட்டான். அதோடு போகவுமில்லை. லாரியை ஓரங்கட்டிவிட்டுச் செருப்பில்லாமல், சேற்றுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயில்வரை தேருக்குப் பின்னால் நடந்து வந்தான்.

அந்த ஒல்லிப் பையனின் அம்மாதான் அடுத்த தை மாதம் வந்து என் மூஞ்சியை ரவுண்டு என்றது.

இன்னும் முடியவில்லை

பரீட்சை நாளுக்கு வருகிறேன். பக்கத்தில் மலாய் அதிகாரி. ஒல்லி, மீசை, மடியில் மார்க் போடும் அட்டை. மேட்டில் ஏறி நிறுத்தினேன். கோடு தாண்டாமல் பார்க்கிங் போட்டேன். கடைசியாகச் சாலைக்கு வந்து புலாத்தானை நெருங்கினோம். “பன்னிரண்டு மணி எடுங்கள்” என்றார். புலாத்தானைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டுதான் இங்கே வழி சொல்வார்கள். பன்னிரண்டு மணி என்றால் நேரே.

எனக்குப் புரிந்தது. கூட்டமும் இல்லை. வலப்பக்கம் பார்த்து, வழி விட்டு, உள்ளே நுழைந்தேன். அதுவரை எல்லாம் சரி. பன்னிரண்டு மணி வந்தது. என் கண் அதைப் பார்த்தது. கை திரும்பவில்லை. பயத்தில் புத்தி ஒதுங்கிக்கொள்ள, காலில் ஏறியிருந்த பழைய சட்டம் காரை எடுத்துக்கொண்டது.

ஒரு ரவுண்டு முடிந்து இரண்டாவது தொடங்கியதும் அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“புவான், கீத்தா நாக் கெ மானா?” அம்மா, நாம் எங்கே போகிறோம் என்று கேட்கிறார்.

“பெலும் ஹாபிஸ், என்சிக்” என்றேன். இன்னும் முடியவில்லை ஐயா.

எது முடியவில்லை என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். மூன்றாவது ரவுண்டையும் அம்சமாக முடித்து, சிக்னல் போட்டு, பன்னிரண்டு மணியில் வெளியே வந்தேன். இறங்கும்போது அவர் சொன்னார், இவ்வளவு அழகாகச் சுற்றியவரைத் தான் பார்த்ததே இல்லையாம். ஆனால் ஃபெயில்.

பிரேமா மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மூணு ரவுண்டா? ஏன்க்கா?”

“அம்மன யாராச்சும் பாதியில விட்டுட்டுப் போவாங்களா மிஸ்?”

“அது அம்மன் இல்லக்கா, பூச்செடி!”

“நீங்கதான கோயில்னு சொன்னீங்க.”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த உதட்டுச் சாயம் கலைந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்காரரிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. கேட்டதும் அவருக்குத் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! “அந்த என்சிக் எறங்கித் துன்னூறு கேட்டாரா?” என்று சொல்லிச் சொல்லி இருமும்வரை சிரித்தார். எனக்கு ஆத்திரமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

சிரித்து ஓய்ந்தபின் என் கையைத் தேடிப் பிடித்தார்.

“சரி விடு சரோ. ஒன்னால ஆனத செஞ்சிட்ட. பொங்கலுக்கு அப்புறம் நிறுத்திக்கலாம். நானே சொல்றேன்ல.”

அடுப்பில் வைத்த பால் மாதிரி எனக்குப் பொங்கிவிட்டது. கையை உதறினேன்.

“அன்னிக்குத் தேர பாதியில திருப்பலாம்னீங்க, முப்பது பேரு உங்கள திட்டினாங்க. இன்னிக்கு முப்பது பேரு இல்ல, நான் ஒருத்தி இருக்கேன். நான் திட்டுறேன். எந்தத் தோட்டத்துக்காரர்யா நீங்க?”

நான் பின்கட்டுக்குப் போய்ச் சட்டி பானையெல்லாம் சத்தமாகக் கழுவினேன். அழுததும் அங்கேதான்.

பிஸ்கட் டின்

மறுநாள் காலையில் எழுந்து வந்தால் அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். மேசையை ஓரமாக இழுத்துவிட்டு, நடுவில் பிஸ்கட் டின் ஒன்றை வைத்திருக்கிறார். கண் சரியாகத் தெரியாத மனுஷன் எப்படித் தனியாக நகர்த்தினாரோ.

“வா. இதுதான் புலாத்தான். சுத்து.”

“காலங்காத்தால என்ன விளையாட்டு?”

“சுத்துன்னா சுத்து லா.”

இட்லிப் பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் டின்னைச் சுற்றினேன். அவர் நாற்காலியில் இருந்தபடி கத்துவார். “ஒம்போது மணி, வெளிய!” நான் அடுப்படிப் பக்கம் வெளியேற வேண்டும். “பன்னெண்டு மணி, வெளிய!” வாசல் பக்கம். “எங்க போற? மறுபடி சுத்துறியா? கொலுசுச் சத்தம் கேக்குது எனக்கு!” கண் போனாலும் காது போகவில்லை.

பக்கத்து வீட்டு ரோண்டாக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

எனக்குப் பாதியில் வெளியேறும் போதெல்லாம் நெஞ்சு உறுத்தியது. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணு பண்ணு. பரீட்சையில சொன்ன எடத்துல வெளிய போயிரு. மிச்ச ரவுண்டு எல்லாம் அம்மன் கணக்குல பாக்கி. லைசென்சு வந்ததும் கொடுத்துரலாம்.”

“யாரு கொடுப்பா?”

“நாமதான்” என்றார். என்னை அறியாமல் மூடியைக் கீழே வைத்துவிட்டேன். நாம் என்று தான் சொன்னதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை. “நின்னுட்ட பாரு, சுத்து” என்றார்.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே அதிகாரிதான் வந்தார். புலாத்தான் தெரிந்ததும் என்னைப் பார்த்து விரல்களைத் தூக்கி, இன்றைக்கு எத்தனை என்று சைகையில் கேட்டார். நான் ஒற்றை விரலைக்கூடக் காட்டவில்லை, அரை விரலை மடக்கிக் காட்டினேன். பன்னிரண்டு மணியில் கார் தானாகப் போவது போல் வெளியே போனது. அவர் அட்டையில் எழுதிக்கொண்டே தலையாட்டினார்.

பாக்கி

குமார் பொங்கல் கழித்து ஜோகூருக்குக் கிளம்பினான். போகும்போது எங்களுக்கென்று விட்டுப்போன தன் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். அடுத்து வந்த வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவர் இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தார். நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. லோபாக் போகும் வழியில் ஒரு புலாத்தான் உண்டு. பார்த்தேன், விட்டேன், நுழைந்தேன், வெளியே வந்தேன். அவர் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. அவர் வருவது எனக்காகத்தான், இது ஒரு தடவைக்குத்தான் என்று அந்த மௌனம் சொல்வதாக எனக்குத் தோன்றியது. மெஷின் ஓடி முடியும்வரை வெளியே உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவர் துணியாய்த் துவண்டிருந்தார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். தூங்கட்டும் என்று மெதுவாக ஓட்டினேன். வெயில் தாழ்ந்த நேரம், சாலையில் நெரிசல் இல்லை. புலாத்தான் வந்தது. சிக்னல் போட்டேன்.

“சரோ.”

“ம்.”

“புலாத்தானா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“வெளிய போவாத. பாக்கி இருக்குல்ல.”

சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டு வந்தேன். பின்னால் வந்த மோட்டார்க்காரன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். போகட்டும். இரண்டாவது ரவுண்டில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நடுவுல என்ன இருக்கு?”

“புல்லு. ஒரு பனை மரம். புதுத் தாமானுக்கு வெளம்பரப் பலகை.”

“போதும்” என்று வலது பக்கம் முகத்தைத் திருப்பி, கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். மூன்றாவது ரவுண்டை நான் ரொம்ப மெதுவாக வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் சுற்றியதில்லை. முடிந்ததும் வெளியே வந்து, செனாவாங் சாலையைப் பிடித்தேன்.

பிறகு பழைய லாரிக்காரக் குரலில் சொன்னார்.

“முன்னாடி இடது பக்கத்து டயருல காத்து கம்மியா இருக்கு. வளைக்கறப்ப இழுக்குது. கவனிக்கலயா நீ?”

“இல்லீங்க.”

“சனிக்கிழமை போறப்போ பெட்ரோல் ஸ்டேசன்ல நிறுத்தி அடிச்சிரணும். மறந்துராத.”

சனிக்கிழமை என்று அவர் வாயாலேயே சொன்னார். கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்று பிரேமா மிஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். எடுக்கவில்லை.

“அடிச்சிரலாம்ங்க” என்றேன்.